மலேரியாக் கொசுவும் மரபணு ஆய்வும்: சேலத்து மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரக் கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது மாணவர்களும் உடன் வரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அம்மாப்பேட்டையில் வளர்ந்தவன். மலேரியாவைப் பரப்பும் கொசுக்களின் மரபணுக்களை ஆராயும் மூலக்கூறு உயிரியலாளன். கொசுவைக் கிணற்றடியிலும் அடையாளம் காணத் தெரிந்து, ஆய்வகத்தில் அதன் டிஎன்ஏவையும் படிக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் போதிய அளவில் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து அப்படிப்பட்டவர்கள் வர வேண்டும் என்பதே இதை எழுதக் காரணம்.

கொசுவில் ஒரு மூலக்கூறு உயிரியலாளர் என்னதான் தேடுகிறார்?

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. கொசு அதைச் சுமந்து செல்கிறது. ஆனால் வெறுமனே சுமப்பதில்லை. நோயாளியின் ரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போகும் ஒட்டுண்ணி, அங்கே ஆண், பெண் செல்களாகக் கூடி, குடல் சுவரைத் துளைத்து வெளிப்புறத்தில் சிறு கொப்புளமாக வளர்கிறது. கொப்புளம் வெடித்ததும் ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகள் புறப்பட்டு உமிழ்நீர்ச் சுரப்பியைச் சேர்கின்றன. வெயில் காலத்தில் இதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதன் பிறகுதான் அந்தக் கொசு கடித்தால் மலேரியா வரும்.

வயிற்றுக்குள் போகும் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை குடலிலேயே மடிந்துவிடுகின்றன. கொசுவுக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் உண்டு; ஒட்டுண்ணியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அழிக்கும் புரதங்கள் அதன் உடலில் இருக்கின்றன. எந்தக் கொசுவில் அந்தப் புரதம் வலுவாக வேலை செய்கிறது, எதில் தோற்கிறது? மருந்து தெளித்தும் சாகாத கொசுவின் மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது? ஒன்று ஆளைத் தேடி வர, இன்னொன்று மாட்டுத் தொழுவத்தோடு நின்றுவிடுவது ஏன்? இவையே எங்கள் அன்றாடக் கேள்விகள்.

சேலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மைக் கொசு அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. சாக்கடை அதற்குப் பிடிக்காது. குடிநீர்க் கிணறு, மொட்டை மாடித் தொட்டி, மூடியில்லாத சிமெண்ட் தொட்டி என்று மனிதன் குடிப்பதற்குச் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும்; வந்ததும் தொட்டி, டிரம், அண்டா எல்லாம் நிரப்பி வைப்போம். வீட்டுக்கு வீடு கிணறும் இருந்தது. ஸ்டீஃபன்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சேலத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் ஸ்டீஃபன்சி எப்படிப் பெருகுகிறது என்று பத்ராவும் ரேச்சல் ரூபனும் ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கொசுவைப் படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஒன்று. ரேச்சல் ரூபன் பிறகு மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தை வழிநடத்தினார். நம் ஊர்க் கிணறுகள் உலக அறிவியலில் இடம்பெற்றிருப்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொரு தொடர்பு மேட்டூர் அணை. 1934இல் அணை முடிந்து, புதிய கால்வாய்கள் வழியே பட்டுக்கோட்டைப் பக்கம் காவிரி நீர் பாய்ந்தபோது, அந்தப் பகுதியில் மலேரியாவும் பரவியது. அங்கே முகாமிட்டு ஆராய்ந்த மலேரியா ஆய்வாளர் பால் ரஸ்ஸலின் குழுவினர், குற்றவாளி அனாஃபிலிஸ் குலிசிஃபேசீஸ் என்ற கொசு என்று காட்டினார்கள். நடவு முடிந்து பயிர் குட்டையாக நிற்கும் வயலில் அது முட்டையிடும். பயிர் உயர்ந்ததும் வருவதில்லை. காரணம் நிழலா, செடியின் மணமா? தண்ணீருக்குள் செங்குத்தாகக் கண்ணாடிக் குச்சிகளையும் மூங்கில் சிம்புகளையும் நட்டுப் பார்த்தார்கள். அதற்கும் கொசு முட்டையிட வரவில்லை. தண்ணீருக்கு மேல் தாழப் பறந்தபடியே முட்டையை உதிர்க்கும் கொசு அது. குறுக்கே குச்சி நின்றால் அதனால் பறக்க முடியாது. விலை உயர்ந்த கருவி ஏதும் இல்லாமல் கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்டவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் சோதனையும் இதுதான்.

ஏற்காட்டில் மலேரியா வருமா? மலையில் குளிர் ஆயிற்றே?

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். குளிர் கூடக்கூடக் கொசுவுக்குள் ஒட்டுண்ணியின் வளர்ச்சி மெதுவாகும். மலேரியா ஒட்டுண்ணியின் வைவாக்ஸ் வகை சுமார் 16 டிகிரிக்குக் கீழேயும், ஃபால்சிபாரம் வகை சுமார் 18 டிகிரிக்குக் கீழேயும் கொசுவுக்குள் வளர்ச்சியை முடிக்காது. மார்கழி, தை இரவுகள் இந்த வகையில் மலைவாசிகளுக்கு உதவி செய்கின்றன. ஆனால் கோடையில் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. அடிவாரமோ எப்போதும் வெப்பம்தான். மலையடிவாரத்துக் குளிர்காய்ச்சல் என்று பெரியவர்கள் அஞ்சியதில் உண்மை இருக்கிறது.

மலை ஓடைகளுக்கென்றே ஒரு கொசு உண்டு: அனாஃபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ். மெல்ல ஓடும் தெளிந்த நீரின் ஓரத்தில், புல் சாய்ந்து கிடக்கும் இடத்தில் அதன் புழு இருக்கும். சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் சிற்றோடைகளில் இப்படிப்பட்ட ஓரங்கள் ஏராளம். பூச்சியியல் மாணவருக்குப் பயிற்சி எடுக்க இந்த மலையைவிட நல்ல இடம் சேலத்துக்குப் பக்கத்தில் இல்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள் வெப்பம், செடி, தண்ணீர், கொசு வகை நான்குமே மாறிவிடுகின்றன. ஒரே நாளில் கீழேயும் நடுவிலும் மேலேயும் மாதிரி எடுத்து வரலாம். பத்திலும் பிளஸ் டூவிலும் படிக்கும் பிள்ளைகளைக்கூட நான் இங்கே அழைத்துப் போவேன்.

கண்ணால் பார்த்தே கொசுவை அடையாளம் காணலாமே, மரபணு எதற்கு?

ஒரு கட்டம் வரை கண் போதும். அனாஃபிலிஸ் சுவரில் உட்காரும்போது வால்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து உட்காரும். இறகில் புள்ளிகள் இருக்கும். அதன் புழு தண்ணீரின் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் வாலில் உள்ள மூச்சுக்குழலால் தலைகீழாகத் தொங்கும். பள்ளி மாணவரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. குலிசிஃபேசீஸ் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் ஐந்து இனங்கள்: ஏ, பி, சி, டி, இ. நுண்ணோக்கியில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தோற்றத்தில் வேறுபாடு கிடையாது. ஆனால் நடத்தையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பி இனம் பெரும்பாலும் மாட்டைக் கடிக்கும். மலேரியாவைப் பரப்புவதில் அதன் பங்கு மிகக் குறைவு. ராமேஸ்வரம் தீவில் பி மட்டும்தான் இருக்கிறது என்று கருதப்பட்ட காலத்திலும் அங்கே மலேரியா விடாமல் இருந்தது. பிறகு 1990களின் இறுதியில் இ என்ற இனம் அங்கே அடையாளம் காணப்பட்டது. பியையும் இயையும் பிரித்துக் காட்டியது ஆண் கொசுவின் ஒய் குரோமோசோமின் வடிவம். மனிதனைக் கடித்து நோயைப் பரப்புவது இ.

இதை நினைத்துப் பாருங்கள். மருந்து தெளிக்கும் பணியாளர்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். எந்தக் கொசு எங்கே தங்குகிறது, எதைக் கடிக்கிறது என்பது தெரியாவிட்டால் அந்த உழைப்பில் பாதி பரப்பாத கொசுவின் மேல் வீணாகும். ஃபுளூவியாட்டிலிஸிலும் இதே கதை: எஸ் இனம் மனிதனைக் கடிக்கும், டி, யு இனங்கள் கால்நடையோடு நின்றுவிடும். இன்று ஒரு கொசுவின் காலை மட்டும் எடுத்து, அதிலிருந்து டிஎன்ஏ பிரித்து, அதைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் செய்து ஒரே நாளில் எந்த இனம் என்று சொல்லிவிடலாம். அதே கொசுவின் வயிற்றில் இருக்கும் ரத்தம் மனிதனுடையதா மாட்டினுடையதா என்றும், சுரப்பியில் ஒட்டுண்ணி உண்டா என்றும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கொசு எந்த வீட்டில், எந்தச் சுவரில், எத்தனை மணிக்குப் பிடிபட்டது என்பதைக் குப்பியின் மேல் எழுதாமல் விட்டிருந்தால், இந்த முடிவுகளால் பயன் இல்லை. அதனால்தான் களத்துக்கே போகாமல் ஆய்வகத்திலேயே படித்து முடிக்க நினைப்பவர்களிடம் நான் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

களத்தில் வேலை எப்படி இருக்கும்?

விடியற்காலையில் தொடங்கும். வீட்டுக்காரர் அனுமதி கேட்டு உள்ளே போய், டார்ச் விளக்கோடு இருட்டு மூலைகள், கட்டிலின் அடிப்பக்கம், தொங்கும் துணிகளின் பின்புறம் எல்லாம் தேடி, உறிஞ்சுகுழாயால் கொசுவைப் பிடித்துத் துணி மூடிய காகிதக் கோப்பைக்குள் விட வேண்டும். புழு எடுக்கப் போனால் கிணற்றருகே நிழல் விழாமல் மெதுவாகப் போவது முக்கியம். நிழல் பட்டதும் புழுக்கள் ஆழத்துக்கு ஓடிவிடும், மீண்டும் மேலே வரும் வரை காத்திருக்க வேண்டும். வாளியைக் கிணற்றின் ஓரமாகச் சாய்த்து இறக்கி, மேல்தண்ணீரை மட்டும் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினால், நீர் அசைவு அடங்கியபின் ஓரத்தில் படுத்தவாறு பின்பக்கமாக நழுவும் சிறு கீற்றுகள் தெரியும். அவை அனாஃபிலிஸ் புழுக்கள்.

மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்களோடு ஒரு வாரம் சுற்றுங்கள் என்று எல்லா மாணவர்களிடமும் சொல்வேன். எந்தத் தெருவில் எந்தக் கிணறு மூடிக் கிடக்கிறது, எந்த வீட்டுத் தொட்டிக்கு மூடி இல்லை, எங்கே மருந்து ஊற்ற விடமாட்டார்கள், எந்தக் கிணற்றில் புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பெரும்பாலும் பெண்கள், குறைந்த கூலிக்கு உழைப்பவர்கள். நம் ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில் நன்றி சொல்லும் வரியில் அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில்?

முதலில் கொசு வளர்ப்பு. சுமார் 27 டிகிரி வெப்பம், 75 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறை. புழுக்களுக்கு நாய் பிஸ்கட் பொடியும் ஈஸ்ட்டும், வளர்ந்த கொசுக்களுக்குச் சர்க்கரைக் கரைசல் நனைத்த பஞ்சும். பொங்கலானாலும் தீபாவளியானாலும் யாராவது ஒருவர் வந்து தண்ணீர் மாற்றியாக வேண்டும். இந்தத் தொழிலில் விடுமுறைத் திட்டங்கள் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கேட்டுத்தான் நடக்கும்.

அடுத்தது அறுத்துப் பார்த்தல். குளிரவைத்து மயக்கிய கொசுவின் கால்களையும் இறகுகளையும் நீக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புக் கரைசலில் கிடத்துவோம். இடக்கை ஊசி மார்பை அழுத்திப் பிடிக்க, வலக்கை ஊசியால் தலையைச் சீராக இழுத்தால், கழுத்தோடு சேர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிகள் நழுவி வெளியே வரும். இரண்டு சுரப்பிகள், ஒவ்வொன்றிலும் மூன்று மடல்கள். மேலே மெல்லிய மூடித்தகட்டை வைத்து லேசாக அழுத்தி, 400 மடங்கு பெருக்கத்தில் பார்க்க வேண்டும். தொற்றுள்ள சுரப்பி என்றால் வளைந்த மெல்லிய இழைகள் கொத்துக் கொத்தாகப் பிதுங்கி வந்து நெளியும். வேகமாக இழுத்தால் தலை மட்டும் வரும், சுரப்பி உள்ளேயே தங்கிவிடும். கை பழகச் சில மாதங்கள் பிடிக்கும். பிசிஆர், ஜெல், வரிசைப்படுத்துதல் போன்ற டிஎன்ஏ வேலைகள் எல்லாம் இதற்குப் பிறகு. அவற்றைக் கற்பது இதைவிட எளிது.

என்ன படிக்க வேண்டும்? விலங்கியலா, உயிரி தொழில்நுட்பமா?

பிளஸ் டூவில் உயிரியல் இருந்தால் போதும்; நீட் எழுதத் தேவையில்லை. இளநிலையில் விலங்கியல், உயிரி தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எதுவும் சரி. என் கருத்தைக் கேட்டால், இளநிலையில் விலங்கியலும் முதுநிலையில் உயிரி தொழில்நுட்பமும் நல்ல சேர்க்கை. சேலம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் விலங்கியல் படிப்பதை யாராவது மட்டமாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பூச்சியின் உடலமைப்பு தெரிந்தவருக்கு டிஎன்ஏ வேலையைக் கற்றுக் கொடுப்பது சுலபம். மறுபக்கம் அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

முதுநிலைக்குப் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் பட்டம் நடத்துகிறது. இந்தத் துறைக்கென்றே உருவான படிப்பு அது. நம் மாவட்டத்தில் பலரும் கேள்விப்பட்டதே இல்லை.

தமிழ் வழியில் படித்தேன். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் சும்மா தைரியம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வில் அறிவியல் வினாத்தாள் தமிழில் வருவதில்லை. இளநிலை முதலாண்டிலிருந்தே வாரத்துக்கு ஒரு கட்டுரை என்று எடுத்து, முதலில் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் பார்த்து, என்ன சோதனை, என்ன விடை என்று தமிழில் உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு உரையைப் படியுங்கள். கருத்து தமிழில் பிடிபட்டுவிட்டால் ஆங்கிலச் சொற்கள் தாமாகப் பழகும். களத்தில் உங்கள் தமிழ் பெரிய பலம். நம் மலைகளின் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊரில் பாட்டியிடம் பேசி, எந்த மாதத்தில் காய்ச்சல் வரும், எந்த ஓடையில் துணி துவைப்பார்கள் என்று கேட்டறியத் தெரிந்தவர் கொண்டுவரும் தகவல் எந்தக் கருவியிலும் கிடைக்காது.

எந்தத் தேர்வுகள்? உதவித்தொகை எவ்வளவு?

முனைவர் பட்டத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வின் உயிர் அறிவியல் பிரிவு முக்கியம். உயிரி தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு, கேட் ஆகியவையும் உண்டு. முதுநிலையில் சேர ஜாம், காட்–பி தேர்வுகளைப் பாருங்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. தகுதிக்கேற்ப வீட்டு வாடகைப்படி தனி. பி.எச்.டி.க்குக் காசு கட்டிப் படிக்க வேண்டும் என்று நினைத்துப் பின்வாங்கும் நெசவாளர் குடும்பங்களைப் பார்க்கிறேன். தேர்வில் தகுதி பெற்றால் படிக்கும்போதே சம்பளம்போல் வரும் என்பதை வீட்டில் சொல்லுங்கள்.

தாமதமாக வரும் உதவித்தொகையையும் சொல்லியாக வேண்டும். சில மாதங்கள் பணம் வராமல், பிறகு மொத்தமாக வருவது பல இடங்களில் நடக்கிறது. கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை ஆண்டுகள் ஆகும்? என் மகளுக்குக் கல்யாண வயது வந்துவிடுமே?

பிளஸ் டூ முடித்தபின் இளநிலை மூன்று, முதுநிலை இரண்டு, முனைவர் பட்டம் ஐந்து அல்லது ஆறு. அதன்பின் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகள் மேலாய்வு செய்கிறார்கள். நீண்ட பாதைதான். ஆனால் முனைவர் பட்டம் சேர்ந்த நாளிலிருந்து உங்கள் மகள் சம்பாதிப்பவர்.

கல்யாணக் கேள்விக்கு வருகிறேன். இந்தியக் கொசு ஆய்வின் அடித்தளத்தைப் போட்டவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ரேச்சல் ரூபனைச் சொன்னேன்; குலிசிஃபேசீஸ் இனங்களைப் பிரித்துக் காட்டும் ஆய்வை முன்னின்று நடத்திய சரளா சுப்பாராவ், தில்லி மலேரியா ஆய்வு மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். படிக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்தாதீர்கள் அம்மா. திருமணம் செய்தாலும் ஆய்வைத் தொடர்வதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

கொசுவோடு வேலை செய்தால் மலேரியா வந்துவிடாதா?

வளர்ப்பு அறையில் இருக்கும் கொசுக்களுக்குத் தொற்று கிடையாது. தொற்று ஏற்றிய கொசுக்களைத் தனி அறையில், இரட்டைக் கதவுக்குள், எண்ணி எண்ணிக் கையாள்வோம். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும் வரை கதவு திறக்காது. களத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். ரொனால்ட் ராஸே 1897இல் ஊட்டிக்கு அருகே சிகூர் மலைப்பாதையில் கொசு தேடப் போய் மலேரியாவில் படுத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். இன்று நமக்கு விரைவுப் பரிசோதனை அட்டையும் நல்ல மருந்தும் இருக்கின்றன. களத்திலிருந்து வந்தபின் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள்.

தமிழ்நாட்டில் மலேரியா குறைந்துவிட்டது. இந்தியாவே 2030க்குள் ஒழிக்கப் போகிறது. பிறகு இந்தப் படிப்பு எதற்கு?

அடிக்கடி வரும் கேள்வி, நியாயமானதும்கூட. குறைந்திருப்பது உண்மை, அதில் பெருமையும் உண்டு. ஆனால் கொசு போகவில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மலேரியா உள்ள மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் சேலம் சந்திப்பில் தினமும் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் உடலில் ஒட்டுண்ணி இருந்து, தெருவில் ஸ்டீஃபன்சியும் இருந்தால் மீண்டும் தொடங்கிவிடும். குறை சொல்ல வேண்டியது அந்தத் தொழிலாளியை அல்ல. அவருக்கு உடனே பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வழி செய்வது நம் கடமை. நோய் அரிதாகும்போது ஒவ்வொரு நோயாளியின் ஒட்டுண்ணியும் உள்ளூரில் வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று மரபணுவைக் கொண்டு தடம் பிடிக்க வேண்டும். ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில்தான் எங்கள் வேலை கூடுகிறது.

அதைவிடப் பெரிய சேதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. நம் தெற்காசிய ஸ்டீஃபன்சி 2012இல் ஜிபூட்டியில் தென்பட்டது. அங்கிருந்து எத்தியோப்பியா, சூடான் என்று பரவியது. 2022இல் எத்தியோப்பியாவின் டிரே டவா நகரில் ஏற்பட்ட மலேரியாப் பரவலுக்கு அதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே அதுவரை மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோய். நகரத் தொட்டியில் பெருகும் கொசுவைச் சமாளித்த பழக்கம் அவர்களுக்கு இல்லை, நமக்கு இருக்கிறது. சேலத்துக் கிணற்றிலும் தொட்டியிலும் கற்றுக்கொண்டவர்கள் உலகத்துக்குத் தேவைப்படும் காலம் இது.

மருந்துக்குச் சாகாத தன்மையும் பரவுகிறது. கொசுவின் நரம்புச் செல்லில் சோடியம் வாயில் என்ற புரதத்தின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால், டிடிடி, செயற்கைப் பைரித்திராய்டு ஆகிய பூச்சிமருந்துகள் வலுவிழக்கின்றன. எங்கே அந்த மாற்றம் வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். இதே திறமை டெங்கு ஆய்வுக்கும் அப்படியே பொருந்தும்.

மரபணு மாற்றிய கொசுவை ஊருக்குள் விடப் போகிறீர்களா?

இந்தக் கேள்வியில் பயம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2015இல், ஒட்டுண்ணியைத் தாக்கும் மரபணுக்களை, டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் ஸ்டீஃபன்சிக்குள் செலுத்தி, அவை ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளுக்கும் கடந்து செல்வதைக் கூண்டுக்குள் காட்டினார்கள். இயல்பாகப் பாதிக் குஞ்சுகளுக்குத்தான் போகும். இது பெரிய ஆற்றல். கட்டுப்பாடும் அதே அளவுக்கு வேண்டும். இந்தியாவில் மரபணு மாற்றிய பூச்சிகளுக்கென உயிரி தொழில்நுட்பத் துறை வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. பல அடுக்கு அனுமதி இல்லாமல் ஒரு கொசுகூட வெளியே போகாது.

ஆனால் அனுமதி மட்டும் போதாது என்பதே என் நிலை. 1970களில் உலக சுகாதார நிறுவனமும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தில்லியில் நடத்திய கொசு மரபுக் கட்டுப்பாட்டுத் திட்டம், சந்தேகங்கள் எழுந்து, பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் கேள்விகள் வெடித்து, 1975இல் மூடப்பட்டது. அறிவியல் சரியாக இருந்தும் மக்களிடம் நேரத்தோடு விளக்கவில்லை. கிச்சிப்பாளையத்திலோ நாகலூரிலோ ஒரு சோதனை நடத்துவதானால், அந்த ஊர் மக்கள் தமிழில் கேட்டு, புரிந்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடுதான் நடக்க வேண்டும். அப்படிப் பேசத் தெரிந்த ஆய்வாளர்களாக நீங்கள் வர வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? சேலத்தை விட்டுப் போயே ஆக வேண்டுமா?

படிப்புக் காலத்தில் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும். தில்லி தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரி மையம், மதுரையில் உள்ள அதன் பிரிவு, பெங்களூரு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை முக்கியமான இடங்கள். மத்திய அரசு விஞ்ஞானி பணி, சம்பள நிலை 10இல் தொடங்குகிறது. அடிப்படைச் சம்பளம் 56,100, படிகள் தனி. போட்டி கடுமை, நிரந்தரப் பணிக்கு முன் திட்டப் பணிகளில் சில ஆண்டுகள் கழிவது வழக்கமாகிவிட்டது. இதை மறைத்துப் பேசுவது சரியில்லை.

தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறையில் பூச்சியியல் வல்லுநர் பணிகள் உண்டு. ஓசூரில் மாநில அரசின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு நிறுவனம் இருக்கிறது. சேலத்திலிருந்து பெங்களூரு பஸ் ஏறினால் வழியில்தான். கல்லூரி ஆசிரியர் பணி, நோயறி கருவி நிறுவனங்கள், பூச்சிமருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளும் உள்ளன.

கணினியும் புள்ளியியலும் தெரிய வேண்டுமா?

கட்டாயம். ஸ்டீஃபன்சியின் முழு மரபணுத் தொகுதி 2014இல் வெளியானது, 2021இல் மேலும் துல்லியமாக. அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மடிக்கணினியும் இணையமும் இருந்தால் ஆத்தூரில் உட்கார்ந்தே ஆராயலாம். பைத்தான் அல்லது ஆர் மொழியில் ஒன்றை இளநிலையிலேயே தொடங்குங்கள்.

இப்போதே என்ன செய்யலாம்?

பள்ளியில் இருந்தால், வீட்டுத் தொட்டியிலும் பக்கத்துக் கிணற்றிலும் வாரம் ஒருமுறை புழு பாருங்கள். தேதி, இடம், புழு எப்படிக் கிடக்கிறது, மழை பெய்ததா என்று நோட்டில் எழுதுங்கள். புழுவை வீட்டில் வளர்க்காதீர்கள். பார்த்ததும் தண்ணீரை மண்ணில் கொட்டிவிடுங்கள். கிணற்று வேலைக்குப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

கல்லூரியில் இருந்தால், இந்திய அறிவியல் அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். அறிவிப்பு பொதுவாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் கேளுங்கள். அதற்குக் கீழே உங்கள் படிப்பு, கல்லூரி, எந்த மாதங்களில் வர முடியும் என்பதைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். தொட்டி நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தீர்கள் என்றால், என்னிடம் வரும் கடிதங்களில் அதைத்தான் நான் முதலில் திறப்பேன்.